கிரியேட்டினின் 97: நான்கு மருத்துவமனைகளின் தரவு ஒரே பொருளில் பேச என்ன வேண்டும்?

கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். நான்கு மருத்துவமனைகள் சேர்ந்து, உள்நோயாளிகளுக்குத் திடீரென ஏற்படும் சிறுநீரகப் பாதிப்பை முன்கூட்டியே எச்சரிக்கும் செயற்கை நுண்ணறிவு மாதிரி ஒன்றை உருவாக்க முனைந்திருக்கிறீர்கள். நான்கிலும் மென்பொருள் வேறு வேறு. மருத்துவப் பதிவுகளைப் பரிமாறுவதற்கான ஃபயர் தரநிலைக்கு எல்லோரும் மாறிவிட்டால் போதுமா? ஆய்வுக்காகத் தரவை ஒரே வடிவ அட்டவணைகளாக அடுக்கும் ஓமாப்பும் வேண்டுமா? தரவு எந்த மருத்துவமனையை விட்டும் வெளியேறாத ஃபெடரேட்டட் முறையில்தான் பயிற்சி நடக்கப் போகிறது என்கிறபோது தரப்படுத்தலுக்கு இவ்வளவு மெனக்கெட வேண்டுமா? இவை மூன்றும்தான் நீங்கள் கேட்டவை.

ஃபயர் வேண்டும், ஆனால் போதாது. ஓமாப் உங்கள் நோக்கத்துக்குப் பெரிதும் உதவும். ஃபெடரேட்டட் முறையில் தரப்படுத்தலின் தேவை குறையாது, கூடும். இந்த மூன்று விடைகளுக்கும் காரணம் ஒன்றேதான். அதை நான் பட்டுத் தெரிந்துகொண்ட ஒரு நிகழ்விலிருந்து சொல்வதே நல்லது.

சில ஆண்டுகளுக்கு முன், கிட்டத்தட்ட உங்களுடையதைப் போன்ற ஒரு கூட்டாய்வில் இருந்தேன். ஒரு மருத்துவமனையிலிருந்து வந்த கோப்பில் கிரியேட்டினின் என்று ஒரு பத்தி. சிறுநீரகம் வெளியேற்றும் கழிவுப்பொருள் அது; சிறுநீரகம் கெட்டால் ரத்தத்தில் அதன் அளவு ஏறும். பக்கத்தில் அலகுக்கான பத்தி. அதில் பாதிக்கு மேல் வெற்றிடம். எண்களை வரைபடமாக்கிப் பார்த்தால் இரண்டு குன்றுகள்: 0.5 முதல் 6 வரை ஒன்று, 40 முதல் 300 வரை இன்னொன்று. ரத்தத்திலுள்ள கிரியேட்டினினை ஒரு டெசிலிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்றும் எழுதுவார்கள், ஒரு லிட்டருக்கு இத்தனை மைக்ரோமோல் என்றும் எழுதுவார்கள். முதலாவதை 88.4ஆல் பெருக்கினால் இரண்டாவது கிடைக்கும். எனவே நிரலில் ஒரே ஒரு வரி சேர்த்தோம்: எண் 20க்கு மேல் இருந்தால் அதை மைக்ரோமோல் என்று கொண்டு 88.4ஆல் வகுத்துவிடு. இரண்டு குன்றுகளும் ஒன்றாகிவிட்டன. குழுவில் எல்லோருக்கும் திருப்தி.

மூன்று வாரம் கழித்து, வேறு எதையோ தேடிக்கொண்டிருந்தபோது, ஒரு நோயாளியின் வரிசை கண்ணில் பட்டது. 3.8, 4.1, 1.1, 4.3. இடையில் ஒரு வேளை மட்டும் சிறுநீரகம் முழுக்கக் குணமாகி, உடனே மறுபடியும் கெட்டுப்போனதாக அந்த வரிசை சொன்னது. உடம்பு அப்படி நடந்துகொள்ளாது. மூலக் கோப்பைத் திறந்து பார்த்தால், அந்த 1.1 அங்கே 97 ஆக இருந்தது. அந்த மருத்துவமனையின் ஆய்வகத்தைத் தொலைபேசியில் அழைத்தோம். பல ஆண்டுகளாக அங்கே பணியாற்றும் தொழில்நுட்பர் ஒருவர் பதிவைப் பார்த்துவிட்டு அரை நிமிடத்தில் சொன்னார்: "இது ரத்தம் இல்லை, சிறுநீர். சிறுநீரில் கிரியேட்டினின் இந்த அளவில்தான் இருக்கும்." இரண்டு பரிசோதனைகளுக்கும் அவர்களுடைய மென்பொருளில் பெயர் ஒன்றே. எதில் அளந்தது என்பது தனிப் பத்தியில் இருந்தது. அந்தப் பத்தியை, தேவையில்லை என்று கருதி, ஏற்றுமதியின்போது விட்டுவிட்டார்கள்.

இதில் எனக்கு இன்றும் உறுத்துவது பிழையின் எண்ணிக்கை இல்லை, அது விழுந்த இடம். சிறுநீரில் கிரியேட்டினின் பார்க்கச் சொல்லி மருத்துவர் எழுதுவது பெரும்பாலும் யாருக்கு? சிறுநீரகத்தில் ஏதோ சரியில்லை என்று சந்தேகப்படும் நோயாளிக்குத்தான். ஆக, நாங்கள் எழுதிய அந்த ஒற்றை வரி, மிகவும் நோயுற்றவர்களைத் தேடித் தேடி ஆரோக்கியமானவர்களாக மாற்றியிருக்கிறது. எந்தக் கணினியும் பிழை என்று கத்தவில்லை. 1.1 என்பது முற்றிலும் இயல்பான எண்.

தரப்படுத்தல் என்று நான் சொல்வது இதைத்தான். கோப்புகள் ஒரே வடிவத்தில் இருப்பது அதன் சிறு பகுதி. ஒரு நோயாளிக்கு என்ன நடந்தது, எப்போது நடந்தது, அதை எப்படி அளந்தார்கள் என்பதை நான்கு இடங்களும் ஒரே பொருளில் சொல்ல வைப்பதே பெரும்பகுதி.

ஒரு கிரியேட்டினின் எண் பொருள் உள்ளதாக நிற்க என்னென்ன வேண்டும் என்று பாருங்கள். 1994இல் ரீகன்ஸ்ட்ரீஃப் இன்ஸ்டிடியூட்டில் தொடங்கிய லாயிங்க் என்ற குறியீட்டுத் தொகுப்பு, ஒவ்வொரு பரிசோதனையையும் ஆறு கூறுகளாகப் பிரிக்கிறது: எதை அளக்கிறோம், அதன் எந்தப் பண்பை, எந்தக் கால அளவில், உடலின் எந்தப் பொருளில், எந்த வகை அளவுகோலில், எந்த முறையில். ரத்தத்தின் திரவப் பகுதியான சீரம் அல்லது பிளாஸ்மாவில் எடைக் கணக்கில் கிரியேட்டினின் என்றால் 2160-0. அதையே மோல் கணக்கில் தந்தால் 14682-9. சிறுநீரில் எடைக் கணக்கில் என்றால் 2161-8. எங்கள் கோப்பில் இந்தக் குறியீடு மட்டும் இருந்திருந்தால் அந்த 97 ஒருபோதும் 1.1 ஆகியிருக்காது.

அதே வேளையில், குறியீட்டையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப முடியாது. கிரியேட்டினினை அளக்க யாஃபே முறை என்று ஒன்று உண்டு. மாக்ஸ் யாஃபே 1886இல் விவரித்த வேதிவினை அதன் அடிப்படை. இன்றும் பல ஆய்வகங்களில் அது புழக்கத்தில் இருக்கிறது. நொதி முறை என்று இன்னொன்று உண்டு. ரத்தத்தில் பிலிருபினோ கீட்டோனோ மிகுந்திருந்தால் யாஃபே முறையின் விடை தடம் மாறும். நொதி முறை அவ்வளவு பாதிக்கப்படாது. 2160-0 என்ற குறியீடோ முறை எதுவென்று சொல்வதில்லை. இரண்டுக்கும் அதே குறியீடுதான். ஒரே மருத்துவமனையில் பகலில் ஒரு கருவியும் இரவில் இன்னொரு கருவியும் ஓடினால், நோயாளியின் சிறுநீரகம் மாறாமலேயே எண் மாறும். இது அற்பமான வேறுபாடு என்று தோன்றலாம். நீங்கள் கண்டுபிடிக்க நினைக்கும் நோயின் வரையறையே 0.3 மில்லிகிராம் உயர்வில் நிற்கிறது என்பதை நினைவில் வைத்தால் அப்படித் தோன்றாது. கருவியின் பெயரையும் முறையையும் கட்டாயம் கேட்டு வாங்குங்கள்.

இனி ஃபயருக்கு வருகிறேன். எச்.எல்.7 என்ற தர அமைப்பு 1987இல் தொடங்கியது. அதன் பழைய இரண்டாம் பதிப்புச் செய்திகள், நெடுங்கோடுகளால் பிரிக்கப்பட்ட வரிகளாக, இன்றும் மருத்துவமனைகளின் உள்ளே ஓடிக்கொண்டிருக்கின்றன. ஆஸ்திரேலியரான கிரகாம் கிரீவ் 2011இல் முன்வைத்த புதிய அணுகுமுறையே ஃபயராக வளர்ந்தது. நோயாளி, அளவீடு, மருந்துச் சீட்டு, நோய்நிலை என்று ஒவ்வொன்றையும் வளம் எனப்படும் தனித்தனிப் பதிவு வகையாக, இணையத்தில் எளிதாகப் பரிமாறக்கூடிய வடிவில் அது வரையறுக்கிறது. நல்ல வேலை, அதில் எனக்கு மறுப்பே இல்லை.

ஆனால் ஃபயரின் அடிப்படை வரையறையில் ஓர் அளவீட்டுப் பதிவுக்குக் கட்டாயமான புலங்கள் எத்தனை தெரியுமா? இரண்டே இரண்டு. பதிவின் நிலை, எதை அளந்தது என்ற குறியீடு. எண், அலகு, நேரம், எதில் அளந்தது, எந்த நோயாளி என்பவைகூட அடிப்படை வரையறையில் விருப்பத்துக்கு உரியவை. அந்தக் குறியீடும் வெறும் எழுத்தாக இருக்கலாம். லாயிங்க் எண்ணாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. உலகின் எல்லா மருத்துவமனைகளுக்கும் பொருந்த வேண்டும் என்பதால் வேண்டுமென்றே இப்படித் தளர்வாக வைத்திருக்கிறார்கள். அதனால், எங்களுடைய குறைபட்ட அந்த 97ஐ அப்படியே ஃபயரில் ஏற்றினாலும் சரிபார்ப்பு மென்பொருள் பிழையில்லை என்றுதான் சொல்லும்.

இந்தத் தளர்வை இறுக்குவதற்கு ஃபயரிலேயே வழி இருக்கிறது. அதற்குப் புரொஃபைல் என்று பெயர். உங்கள் நால்வருக்கும் பொதுவாக ஒரு புரொஃபைல் எழுதுங்கள். அதில் நோயாளி அடையாளம், லாயிங்க் குறியீடு, எண், யூ.சி.யு.எம். என்ற பொது அலகுக் குறியீட்டு முறையில் எழுதிய அலகு, எதில் அளந்தது, ரத்தம் எடுத்த நேரம், முடிவு வெளியான நேரம், அளந்த முறை ஆகிய அனைத்தையும் கட்டாயமாக்குங்கள். அளவீடு இல்லையென்றால் ஏன் இல்லை என்று சொல்வதற்கும் ஃபயரில் ஒரு புலம் இருக்கிறது, அதையும் விட்டுவிடாதீர்கள். பதிவின் நிலை என்ற புலத்தையும் படியுங்கள். தற்காலிகம், இறுதி, திருத்தப்பட்டது, தவறாகப் பதிவானது என்று பல மதிப்புகள் அதில் வரும். தவறாகப் பதிவானது என்று குறிக்கப்பட்ட முடிவுகளையும் சேர்த்துப் பயிற்சி கொடுத்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

ஓமாப் வேறு வகை. ஃபயர் ஒரு பதிவை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குக் கொண்டுபோக உகந்தது. ஓமாப் லட்சக்கணக்கான நோயாளிகளை ஒரே கேள்வியால் அலசுவதற்கு உகந்த அட்டவணைத் தொகுதி. 2014 முதல் ஒடிசி என்ற திறந்த ஆய்வுக் கூட்டமைப்பு அதை வளர்த்துவருகிறது. அதில் எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு ஒன்று உண்டு. ஒவ்வொரு பதிவிலும், பொதுக் குறியீட்டுக்கு மாற்றிய வடிவத்தோடு, மருத்துவமனையிலிருந்து வந்த மூலச் சொல்லையும் அப்படியே வைத்துக்கொள்ள இடம் இருக்கிறது. பொதுக் குறியீடு எதுவும் பொருந்தாவிட்டால் 0 என்று எழுத வேண்டும். இந்தச் சுழியங்கள் அவமானம் என்று நினைத்து, அருகில் இருக்கும் ஏதோ ஒன்றோடு பொருத்திவிடுகிறவர்கள் உண்டு. அப்படிச் செய்யாதீர்கள். பொருந்தவில்லை என்ற உண்மை, தவறாகப் பொருந்தியதைவிட எவ்வளவோ மேல். மாதந்தோறும் ஒவ்வோர் அட்டவணையிலும் எத்தனை சுழியம் என்று எண்ணிப் பாருங்கள். திடீரென்று கூடினால், எங்கோ ஓர் ஆய்வகம் பரிசோதனைகளின் பெயரை மாற்றியிருக்கிறது என்று பொருள்.

நான்கு மருத்துவமனைகளும் ஃபயர் வழியாகத் தரவைத் தத்தம் சர்வருக்குக் கொண்டுவந்து, அங்கேயே ஓமாப் அட்டவணைகளாக மாற்றி வைத்துக்கொள்வது நடைமுறைக்கு ஒத்துவரும். படங்களும் சேரும் என்றால் அவற்றுக்கு டைகாம் என்ற தரநிலை இருக்கிறது. உங்கள் வேலைக்கு இப்போது அது தேவையில்லை என்பதால் விட்டுவிடுகிறேன்.

இதுவரை சொன்னது அளவீடு. அடுத்தது விடை, அதாவது மாதிரிக்கு நாம் கற்றுக்கொடுக்கும் இலக்கு. கூட்டு முயற்சிகள் தடுக்கி விழுவது இங்கேதான் அதிகம். சிறுநீரகப் பாதிப்பு வந்தது என்று எதை வைத்துச் சொல்வீர்கள்? ஒரு மருத்துவமனை, வீட்டுக்கு அனுப்பும்போது எழுதும், நோய்களுக்கான ஐ.சி.டி. குறியீட்டை எடுக்கும், ஐ.சி.டி. 10இல் அது என்17. இன்னொன்று, சிறுநீரக நோய்களுக்கு வழிகாட்டுதல் தரும் கே.டி.ஐ.ஜி.ஓ. அமைப்பு 2012இல் வெளியிட்ட வரையறையை எடுக்கும். முதலாவது பெரும்பாலும் பில் போடுவதற்கும் புள்ளிவிவரத்துக்கும் எழுதப்படுவது. லேசான பாதிப்புகள் அதில் ஏறுவதே இல்லை. இரண்டாவது உடலில் நடந்ததை வைத்துச் சொல்வது: 48 மணி நேரத்துக்குள் கிரியேட்டினின் டெசிலிட்டருக்கு 0.3 மில்லிகிராமாவது உயர்ந்தால், அல்லது 7 நாட்களுக்குள் அடிப்படை அளவைப் போல 1.5 மடங்கானால், அல்லது தொடர்ந்து 6 மணி நேரம் ஒரு கிலோ எடைக்கு மணிக்கு 0.5 மில்லிலிட்டருக்கும் குறைவாகச் சிறுநீர் போனால். இரண்டையும் ஒரே பெயரில் கலந்தால், மாதிரி கற்றுக்கொள்வது நோயை அல்ல. எந்த மருத்துவமனை எப்படிக் குறித்துவைக்கிறது என்பதைத்தான்.

சரி, எல்லோரும் 2012ஆம் ஆண்டு வரையறைக்கே வருகிறோம் என்று வைத்துக்கொள்வோம். அடிப்படை அளவு என்றால் எது? கடந்த ஓராண்டில் பதிவான மிகக் குறைந்த எண்ணா, அந்த ஆண்டின் எண்களின் இடைநிலையா, சேர்ந்த அன்று எடுத்த முதல் எண்ணா? ஏற்கெனவே பாதிப்போடு வந்து சேர்ந்தவருக்கு முதல் எண்ணை அடிப்படையாகக் கொண்டால் அவருக்குப் பாதிப்பே இல்லை என்று ஆகிவிடும். முன்பு எந்தப் பதிவும் இல்லாதவருக்கு என்ன செய்வது? இதற்கெல்லாம் ஒரே சரியான விடை கிடையாது. நால்வரும் ஒரே விடையைத் தேர்ந்து எழுதிவைக்க வேண்டும் என்பதுதான் முக்கியம். எழுதிவைத்தால் மட்டும் போதாது. இலக்கைக் கணக்கிடும் நிரலை ஒருவர் எழுதி, நான்கு இடங்களிலும் அதே நிரல் ஓட வேண்டும். வரையறையைப் படித்துவிட்டு ஒவ்வொருவரும் தனித்தனியாக நிரல் எழுதினால் நான்கு நோய்கள் கிடைக்கும்.

கணக்கிட்டு வரும் பத்திகளிடம் எச்சரிக்கையாக இருங்கள். ஆய்வக அறிக்கைகளில் சிறுநீரக வடிகட்டும் திறன் என்று ஓர் எண் தயாராக அச்சாகி வரும். அதை எந்தச் சூத்திரத்தில் கணக்கிட்டார்கள்? 1999ஆம் ஆண்டின் எம்.டி.ஆர்.டி. சூத்திரமா, 2009இன் சி.கே.டி.-எபி சூத்திரமா, அல்லது 2021இல் திருத்தப்பட்டதா? 2009ஆம் ஆண்டின் சூத்திரத்தில் கறுப்பினத்தவர் என்றால் விடையை 1.159ஆல் பெருக்கும் ஏற்பாடு இருந்தது. 2021இல் அதை நீக்கிவிட்டார்கள். ஒரே பெயருள்ள பத்தியில் மூன்று தலைமுறைச் சூத்திரங்கள் கலந்து கிடக்கும். அந்தப் பத்தியை வாங்கவே வாங்காதீர்கள். கிரியேட்டினின், வயது, பால் மூன்றையும் வாங்கி நீங்களே ஒரே சூத்திரத்தில் கணக்கிட்டுக்கொள்ளுங்கள்.

சிறுநீர் அளவு இன்னும் நுட்பமானது. தீவிர சிகிச்சைப் பிரிவில் செவிலியர் மணிக்கொரு முறை அளந்து எழுதுவார். பொது வார்டில் பணிநேரம் முடியும்போது பையில் சேர்ந்ததை மொத்தமாக ஒரே எண்ணாக எழுதுவார். காலை 7 மணிக்கு 800 மில்லிலிட்டர் என்று ஒரு பதிவு இருந்தால், அது இரவு முழுவதும் 12 மணி நேரத்தில் சேர்ந்தது. உங்கள் நிரல் அதை 7 மணிக்கு உரிய அளவாக எடுத்துக்கொண்டு, அதற்கு முந்தைய 11 மணி நேர வெற்றிடங்களைச் சுழியம் என்று நிரப்பினால், வார்டில் படுத்திருக்கும் அத்தனை பேருக்கும் சிறுநீரகம் நின்றுபோனதாக ஆகிவிடும். மற்ற நோய்களில் வெற்றிடத்துக்கும் சுழியத்துக்கும் உள்ள வேறுபாடு ஒரு புள்ளிவிவரச் சிக்கல். இங்கே அது உயிர்ப் பிரச்சினை. சிறுநீர் சுழியம் என்பது மருத்துவரை ஓடிவரச் செய்யும் நெருக்கடி. வெற்றிடம் என்பது யாரும் அளக்கவில்லை என்பது மட்டுமே. இரண்டுக்கும் ஒரே குறி எந்த நிலையிலும் வரக் கூடாது.

நேரத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஒரு பரிசோதனைக்கு மருத்துவர் எழுதிய நேரம், ரத்தம் எடுத்த நேரம், ஆய்வகத்துக்கு வந்துசேர்ந்த நேரம், முடிவு வெளியான நேரம், கோப்பில் ஏறிய நேரம் என்று ஐந்து நேரங்கள் உண்டு. ஏற்றுமதி செய்பவர் ஏதோ ஒன்றைத் தேர்ந்து, தேதி என்று தலைப்பிட்டு அனுப்புவார். ரத்தம் எடுத்தது காலை 6 மணி, முடிவு வந்தது 9 மணி என்றால், 7 மணிக்கு எச்சரிக்க வேண்டிய மாதிரிக்கு அந்த முடிவு தெரிந்திருக்கவே முடியாது. பயிற்சியில் 6 மணிக்கே தெரிந்ததாகக் கொடுத்துவிட்டால் மாதிரி எதிர்காலத்தைப் பார்த்துவிட்டுச் சோதிடம் சொல்லும். ஆய்வில் எண்கள் பிரமாதமாக இருக்கும். வார்டில் வைத்ததும் விழுந்துவிடும். ஆகவே குறைந்தது இரண்டு நேரங்கள் வேண்டும்: உடலின் நிலை எப்போதையது என்று சொல்லும் நேரம், அது எப்போது தெரிய வந்தது என்று சொல்லும் நேரம்.

பரிசோதனைக்கு எழுதியதே ஒரு தகவல் என்பதையும் மறக்க வேண்டாம். பரிசோதனை முடிவின் எண்ணைவிட அது எந்த நேரத்தில் செய்யப்பட்டது என்பதே பல பரிசோதனைகளில் நோயாளி உயிர்பிழைப்பாரா என்பதைத் துல்லியமாக முன்னுணர்த்தியது என்று 2018இல் பி.எம்.ஜே. மருத்துவ இதழில் ஓர் ஆய்வு வந்தது. நள்ளிரவில் ஒரு மருத்துவர் ரத்தம் எடுக்கச் சொல்கிறார் என்றால் அவர் கவலைப்படுகிறார். மாதிரி அந்தக் கவலையைக் கற்றுக்கொள்ளும். ஆனால் ஒரு மருத்துவமனையில் நள்ளிரவுப் பரிசோதனை கவலையின் அடையாளமாகவும், இன்னொன்றில் அன்றாட வழக்கமாகவும் இருந்தால், அந்தப் பாடம் இடம் மாறியதும் பொய்யாகிவிடும்.

மருந்துகளிலும் இதே கதைதான். மருத்துவர் எழுதியது, மருந்தகம் கொடுத்தது, செவிலியர் உண்மையில் செலுத்தியது என்ற மூன்றும் வேறு வேறு. ஃபயரில் மூன்றுக்கும் தனித்தனி வளங்கள் உண்டு. ஜென்டாமைசின் போலச் சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடிய மருந்து உடலுக்குள் போனதா என்பதுதான் உங்களுக்கு வேண்டும். நிறுவனம் இட்ட விற்பனைப் பெயரை வேதிப்பொருளின் பெயருக்கு மாற்றிவையுங்கள். மருந்துகளுக்கான ஏ.டி.சி. வகைப்பாட்டில், உடல் முழுதும் பரவுமாறு செலுத்தும் ஜென்டாமைசினுக்கு ஜே01ஜிபி03 என்பது குறியீடு; கண், காது, தோலில் இடும் வடிவங்களுக்கு வேறு குறியீடுகள் உண்டு.

இப்போது உங்கள் மூன்றாவது கேள்வி. ஃபெடரேட்டட் முறையில் ஒவ்வொரு மருத்துவமனையும் தன் தரவில் மாதிரியைப் பயிற்றுவித்து, கற்றுக்கொண்ட எண்களை மட்டும் பொது இடத்துக்கு அனுப்புகிறது. அங்கே அவை சேர்க்கப்பட்டுத் திரும்பிவருகின்றன. இது நடக்கக்கூடியது என்பதில் ஐயமில்லை. கோவிட் காலத்தில் 20 நிறுவனங்கள் இப்படிச் சேர்ந்து, நோயாளிக்கு எவ்வளவு ஆக்சிஜன் தேவைப்படும் என்று கணிக்கும் மாதிரியை உருவாக்கி 2021இல் முடிவுகளை வெளியிட்டன. மூளைப் புற்றுநோயின் எல்லையை வரையும் மாதிரி ஒன்று ஆறு கண்டங்களின் 71 இடங்களிலிருந்து, 6,314 நோயாளிகளின் தரவில் பயிற்சி பெற்று 2022இல் வெளிவந்தது.

ஆனால் எங்கள் 97ஐ நாங்கள் எப்படிக் கண்டுபிடித்தோம்? ஒரு நோயாளியின் வரிசையைக் கண்ணால் பார்த்ததால். ஃபெடரேட்டட் முறையில் அந்த வரிசையை அந்த மருத்துவமனைக்கு வெளியே யாரும் பார்க்கவே முடியாது. உள்ளே இருப்பவருக்குப் பார்க்க நேரம் இருக்காது. பிழை கற்றுக்கொண்ட எண்களுக்குள் கரைந்து நால்வருக்கும் போய்ச் சேர்ந்துவிடும். தரவு பயணம் செய்யாத இடத்தில் அதன் பொருளாவது முன்கூட்டியே ஒத்துப்போயிருக்க வேண்டும்.

அதற்கு ஒரு நடைமுறை உண்டு. பயிற்சி தொடங்குவதற்கு முன், ஒரே சரிபார்ப்பு நிரலை நான்கு இடங்களிலும் ஓட்டி, தனிநபர் பதிவு எதுவும் இல்லாத தொகுப்பு அறிக்கையை மட்டும் பகிர்ந்துகொள்ளுங்கள். ஒவ்வொரு புலத்திலும் எத்தனை சதவீதம் வெற்றிடம், எண்கள் எப்படிப் பரவியிருக்கின்றன, எந்த அலகு எத்தனை முறை வருகிறது, மாதவாரியாக எண்ணிக்கை எப்படி மாறுகிறது என்பவை அதில் இருக்கட்டும். ஒடிசி கூட்டமைப்பின் தரவுத்தரச் சரிபார்ப்புக் கருவி ஓமாப் அட்டவணைகளில் 3,000க்கும் மேற்பட்ட சோதனைகளைத் தானாகவே செய்கிறது. அதை ஓட்டுங்கள், ஆனால் அதோடு நிறுத்தாதீர்கள். தனியாகப் பார்த்தால் இயல்பாகத் தெரியும் 1.1 போன்ற எண் இத்தகைய சோதனைகளில் சிக்குவது அரிது.

இடத்தின் முத்திரை தரவில் எவ்வளவு ஆழமாகப் பதிந்திருக்கும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. மார்பு எக்ஸ்ரேயில் நிமோனியாவைக் கண்டறியும் மாதிரிகளைப் பற்றிய 2018ஆம் ஆண்டின் ஆய்வு ஒன்றில், படத்தை மட்டும் பார்த்து அது எந்த மருத்துவமனை அமைப்பிலிருந்து வந்தது என்று மாதிரியால் கிட்டத்தட்டத் தவறே இல்லாமல் சொல்ல முடிந்தது. ஓரிடத்தில் நோய் அதிகம், இன்னோரிடத்தில் குறைவு என்கிறபோது, நுரையீரலைப் பாராமல் இடத்தைப் பார்த்தே விடை சொல்லிவிடலாம். இந்தச் சோதனையை நீங்களும் செய்து பாருங்கள். உங்கள் தரப்படுத்திய தரவைக் கொண்டு, எந்த மருத்துவமனை என்று கண்டுபிடிக்கும் சிறு மாதிரி ஒன்றைப் பயிற்றுவியுங்கள். அது எளிதாகக் கண்டுபிடித்தால், எந்தப் புலத்தை வைத்துக் கண்டுபிடிக்கிறது என்று பாருங்கள். நோயாளிகளே வேறுபட்டவர்கள் என்பதாலும் இருக்கலாம். அலகோ நேரமோ முறையோ இன்னும் ஒத்துப்போகவில்லை என்பதாலும் இருக்கலாம். எங்கே தோண்ட வேண்டும் என்று அது காட்டிக்கொடுக்கும்.

தரப்படுத்தலால் தீராத ஒன்றையும் சொல்லியாக வேண்டும். உங்கள் துறையில் பெரிதும் பேசப்பட்ட ஆய்வு, செயற்கை நுண்ணறிவு நிறுவனமான டீப்மைண்டின் குழு அமெரிக்க முன்னாள் படைவீரர் துறையின் 7,03,782 நோயாளிகளின் தரவில் செய்து 2019இல் நேச்சர் இதழில் வெளியிட்டது. உள்நோயாளிகளின் சிறுநீரகப் பாதிப்புகளில் 55.8 சதவீதத்தை 48 மணி நேரம் வரை முன்கூட்டியே அது கணித்தது. ஒவ்வொரு சரியான எச்சரிக்கைக்கும் இரண்டு பொய் எச்சரிக்கைகள். பெரிய சாதனைதான். ஆனால் அந்தத் தரவில் பெண்கள் சுமார் 6 சதவீதமே. குறியீடுகள் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும், தரவில் இல்லாத மனிதர்களை அவற்றால் கொண்டுவர முடியாது. நான்கு மருத்துவமனைகளிலும் யார் யார் வருகிறார்கள், யார் வருவதில்லை என்ற அட்டவணை, மூலப் பெயர்களைப் பொதுக் குறியீடுகளோடு இணைக்கும் பொருத்த அட்டவணையைப் போலவே ஆவணத்தின் பகுதியாக இருக்க வேண்டும்.

அடையாளம் நீக்குவதைப் பற்றிச் சுருக்கமாக. தேதிகளை நகர்த்துவதென்றால் ஒரு நோயாளியின் எல்லாத் தேதிகளையும் ஒரே அளவுக்கு நகர்த்துங்கள்; 48 மணி நேர இடைவெளி சிதையாமல் இருக்க அதுவே வழி. நகர்த்திய விதத்தை எழுதியும் வையுங்கள். மிமிக்-3 என்ற பெயர்பெற்ற தீவிர சிகிச்சைத் தரவுத்தொகுப்பில் 89 வயதுக்கு மேற்பட்டவர்களின் பிறந்த தேதி மறைக்கப்பட்டிருப்பதால், கணக்கிட்டால் வயது 300க்கு மேல் வரும். ஆவணத்தில் அது தெளிவாகவே எழுதப்பட்டிருக்கிறது. படிக்காமல் சராசரி வயது கணக்கிட்டால் முடிவு எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

தொடங்குவது எப்படி? மருத்துவமனையின் எல்லாத் தரவையும் தரப்படுத்திவிட்டுப் பிறகு கேள்விக்கு வருவோம் என்று இறங்காதீர்கள். அந்த வேலைக்கு முடிவே கிடையாது. உங்கள் கேள்விக்குத் தேவையான முப்பது, நாற்பது புலங்களை மட்டும் எடுங்கள். ஒவ்வொரு புலத்துக்கும் பொருத்த அட்டவணையில் ஒரு வரி: மூலப் பெயர், மூல அலகு, பொதுக் குறியீடு, மாற்றும் விதி, முடிவு செய்தவர் பெயர், தேதி, ஐயம் ஏதும் இருந்தால் அது. மூல எண்ணையும் மூல அலகையும் ஒருபோதும் அழிக்காதீர்கள். நாங்கள் அழித்திருந்தால் அந்த 1.1 எங்கிருந்து வந்தது என்று இன்றைக்கும் தெரிந்திருக்காது.

முடிவு செய்பவர்களில் ஆய்வகத் தொழில்நுட்பரும் வார்டுச் செவிலியரும் கட்டாயம் இருக்கட்டும். அவர்களுடைய நேரத்துக்குத் திட்டச் செலவில் ஊதியம் ஒதுக்குங்கள். போகிற போக்கில் தொலைபேசியில் கேட்டுக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டால், எங்களைப் போல மூன்று வாரம் கழித்துத்தான் கேட்பீர்கள்.

முதல் வாரத்தில் ஒன்றை மட்டும் செய்யுங்கள். ஒவ்வொரு மருத்துவமனையும் சிறுநீரகப் பாதிப்பு வந்த பத்துப் பேர், வராத பத்துப் பேர் என இருபது நோயாளிகளைத் தேர்ந்துகொள்ளட்டும். அந்த மருத்துவமனைக்கு உள்ளேயே, அவர்களுடைய மூலக் கோப்பை ஒருபக்கமும் தரப்படுத்திய அட்டவணையை மறுபக்கமும் வைத்துக்கொண்டு, ஒரு மருத்துவரும் ஒரு செவிலியரும் ஓர் ஆய்வகத் தொழில்நுட்பரும் தரவுப் பொறியாளரும் ஒன்றாக உட்கார்ந்து வரிவரியாக ஒப்பிடட்டும். பொருந்தாத ஒவ்வோர் இடத்தையும், பெயர் அடையாளம் எதுவுமின்றி, ஒரு பட்டியலாக எழுதட்டும். நான்கு பட்டியல்களும் தயாரானதும் எனக்கு எழுதுங்கள். பொருத்த அட்டவணையின் விதிகளை அவற்றை வைத்தே சேர்ந்து எழுதலாம்.